டாஷ்போர்டின் நடுவே ஒரு குரல்

பழைய பிக்கப் டிரக் ஒன்றைச் செப்பனிட முனையும் அமெரிக்கர் எஞ்சினைப் பிரிக்க அஞ்சுவதில்லை. பிரித்ததை மீண்டும் பூட்டிவிடலாம். அவரைத் தயங்கவைக்கும் இடம் வேறு. டாஷ்போர்டின் நடுவே, இரும்புத் தகட்டில் வரிசையாக வெட்டப்பட்ட சில கீற்றுகள் இருக்கும். அவற்றின் அடியில் ஒரே ஓர் ஒலிபெருக்கி இருந்தது. ஐம்பது, அறுபது ஆண்டு வெயிலில் அதன் காகிதக் கூம்பு உதிர்ந்துபோயிருக்கும். கதவுகளை அறுத்துப் புதிய ஒலிபெருக்கிகளை வைப்பதா, பழைய இடத்திலேயே ஒன்றைப் பொருத்துவதா? அறுத்த தகடு பழையபடி ஆகாது. சின்னஞ்சிறு முடிவுதான், ஆயினும் அதன் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு நிற்கிறது.

அவ்வரலாற்றின் தொடக்கம் வாகனத்தில் இல்லை. 1915இல் கலிபோர்னியாவின் நாபா என்னும் சிற்றூரில் டேனிஷ்காரரான பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிட்ஹாமும் காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளை ஓர் ஊதுகொம்போடு இணைத்து, ஒரு கூட்டத்துக்கே கேட்கும்படி பேச்சைப் பெருக்கிக் காட்டினர். தங்கள் கருவிக்கு மேக்னவாக்ஸ் என்று பெயரிட்டனர். இலத்தீனில் 'பெருங்குரல்' என்று பொருள். பத்தாண்டு கழித்து, 1925இல், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் ஊதுகொம்பை நீக்கிவிட்டு, சுருளை நேரே ஒரு கூம்போடு ஒட்டினர். இன்று நம் வீட்டில் ஒலிக்கும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் அந்த அமைப்பின் வாரிசுகளே.

இந்தக் கூம்பை வண்டிக்குள் கொண்டுசெல்வது எளிதாக இருக்கவில்லை. வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பேட்டரியோ 6 வோல்ட். எஞ்சினில் தீப்பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தெறிப்பு ரேடியோவில் கரகரப்பாகக் கேட்கும். 1930இல் சிகாகோவின் பால் கால்வின் இவற்றை ஓரளவு வென்று, தம் வண்டியில் ரேடியோவைப் பொருத்தி, வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டிவரை ஓட்டிச் சென்றார். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. 1947இல் அவருடைய நிறுவனமும் அப்பெயரையே ஏற்றது. தொடக்கத்தில் தனி உலர் பேட்டரிகளை வண்டியில் சுமக்க வேண்டியிருந்தது. பின்னர் 'வைப்ரேட்டர்' வந்தது. நொடிக்கு நூறு முறைக்கு மேல் திறந்து மூடும் ஒரு சிறு தொடுமுனை அது. நேர்மின்னோட்டத்தை நறுக்கி, மின்மாற்றி உயர்த்தக்கூடியதாக ஆக்கித் தந்தது. அக்கால ரேடியோவைத் திருகினால் முதலில் அதன் ரீங்காரம் கேட்கும்; வால்வுகள் சூடேறிய பிறகே மனிதக் குரல் எழும்.

பிக்கப் டிரக்குக்கு இந்தக் குரல் தாமதமாகவே கிட்டியது. அது உழைப்பாளியின் வண்டி. வைக்கோலும் உரமும் ஏற்றும் வண்டிக்குச் சங்கீதம் எதற்கு என்பதே அன்றைய எண்ணம். போருக்குப் பின் 1947இல் செவ்ரோலே வெளியிட்ட 'அட்வான்ஸ் டிசைன்' டிரக்குகளில் அந்த எண்ணம் தளர்ந்தது. டாஷ்போர்டிலேயே ரேடியோவுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ரேடியோவுக்குத் தனிக் காசு. வாங்காதவரின் வண்டியிலும் இடம் மட்டும் காத்திருந்தது. ஒரு காலியிடம் சில வேளைகளில் ஒரு கருவியைக் காட்டிலும் மிகுதியாகப் பேசும். வண்டியோட்டும் உழவனும் கேட்க விரும்புவான் என்பதை அக்காலியிடம் ஒப்புக்கொண்டது.

அவன் எதைக் கேட்டான்? உழவருக்கென்றே பேசிய நிலையங்கள் இருந்தன. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். 1924இல் சியர்ஸ் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு, 1928இல் 'பிரெய்ரி பார்மர்' என்னும் வேளாண் இதழின் கைக்கு மாறியது. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். 1932 முதல் 50,000 வாட் ஆற்றலில் ஒலித்தது. 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யின் நாட்டுப்புற இசை இரவு வேளைகளில் பல மாநிலங்களைத் தாண்டிச் சென்றது. நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த தென்மாநிலத்தில், மெம்பிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948இல் கறுப்பரான நாட் வில்லியம்ஸை அறிவிப்பாளராக அமர்த்தியது. விரைவிலேயே முழுவதும் கறுப்பின மக்களுக்கான நிலையமாயிற்று. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பி.பி. கிங் அங்கே பணியாற்றியவர். உணவகத்தின் வாசலில் ஒருவரைத் தடுத்து நிறுத்தச் சட்டத்தால் முடிந்தது. காற்றில் வரும் குரலைத் தடுக்க அதனால் முடியவில்லை.

இக்குரல் ஒற்றைக் குரல் என்பதும் கருதத்தக்கது. பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அமெரிக்க அரசு 1961இல்தான் ஒப்புதல் தந்தது. 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலே டிரக்குகளிலும் 4 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் கொண்ட ஒரே நீள்வட்ட ஒலிபெருக்கி மேல்நோக்கிப் படுத்திருக்கும். ஒலி முன்கண்ணாடியில் மோதித் திரும்பி, ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்த மூவருக்கும் வந்து சேரும். இடம் வலம் என்ற பிரிவினை அதில் இல்லை.

அந்த ஒலிபெருக்கியின் காந்தத்திலும் ஒரு வரலாறு உண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு சேர்த்த 'அல்நிகோ' காந்தமே நெடுங்காலம் புழங்கியது. 1978இல், இன்று காங்கோ எனப்படும் ஜயரின் ஷாபா மாநிலத்தில் போர் மூண்டது. கோபால்ட் விலை ஏறியது. ஒலிபெருக்கித் தொழில் பெரும்பாலும் பெரைட் காந்தத்துக்கு மாறியது. ஆப்பிரிக்கச் சுரங்கத்தின் அதிர்வு உலகெங்கும் ஒலிபெருக்கிகளின் முதுகில் பதிந்தது.

இன்று செப்பனிடுவோர்க்கு வழி இருக்கிறது. பழைய நீள்வட்ட அளவிலேயே, இரு சிறு ஒலிபெருக்கிகளை ஒரே தட்டில் பொருத்திய அமைப்புகள் கிடைக்கின்றன. கிளவ் பாக்ஸின் உட்கூட்டைக் கழற்றி, கையை உள்ளே நுழைத்து, பழைய துளைகளிலேயே திருகிவிடலாம். ஒரு வெட்டும் வேண்டாம். ஆனால் பழைய ரேடியோவையே வைத்துக்கொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரான்சிஸ்டர் காலத்து டெல்கோ ரேடியோக்கள் பல 10 ஓம் மின்தடைக்கென அமைந்தவை. இன்றைய 4 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினால் மிகை மின்னோட்டம் பாய்ந்து வெளியீட்டு டிரான்சிஸ்டர் கருகிவிடக்கூடும். பழையது புதியதை ஏற்கும். அதன் அளவறிந்து கொடுத்தால் மட்டுமே ஏற்கும்.

சுவடியில் செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி, நிரப்பியதை மறைத்துவிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இடைவெளியை இடைவெளியாகவே காட்டி, தம் ஊகத்தை அடிக்குறிப்பில் வைப்பவரையே போற்றுகிறோம். கதவை அறுக்காமல் பழைய கீற்றுகளின் அடியில் புதிய கூம்பைப் பொருத்துகிறவரும் அந்த மரபினரே. அவர் செய்ததை நாளை இன்னொருவர் கழற்றிவிட முடியும். அதுவரை, மூவர் நெருங்கி அமர்ந்த இருக்கைக்கு ஒரே குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்.