அவையின் ஆதரவு இழந்த அமைச்சு: சென்னைச் சட்டமன்ற மரபு பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

அவையின் ஆதரவை இழந்த அமைச்சரவை பதவி விலக வேண்டுமா என்னும் வினா அரசியல் உலகில் அடிக்கடி எழுவதொன்று. விலக வேண்டும் என்பதே பலரும் ஒப்பும் விடை. எனினும், சென்னைச் சட்டமன்றத்தின் நூறாண்டு வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, பூசல் அவ்விடையைப் பற்றி எழவில்லை என்பது புலனாகும். ஆதரவு இழக்கப்பட்டது என்பதை எவ்விடத்தில், எவர், எவரை எண்ணி அறிவது என்பது பற்றியே பூசல்கள் விளைந்துள்ளன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி சட்ட வல்லுநர்க்கே உரியது என்று ஒதுக்குதற்கில்லை. ஆரணி வட்டாரத்தின் பட்டுத் தறிகளோடு வாழ்வு பிணைந்த சேத்துப்பட்டு போன்ற ஊரில் வாழும் நெசவாளர்க்கு, ஓர் ஆட்சியை ஆக்குவதிலும் நீக்குவதிலும் உள்ள பங்கு, தம் தொகுதி உறுப்பினர் அவையில் அளிக்கும் ஒரு வாக்கு மட்டுமே. தேர்தல் நாளில் அவர் இட்ட வாக்கு அவ்வொரு வாக்காக மாறியே கோட்டையைச் சேர்கின்றது. அஃது எண்ணப்படாதொழியின், அவர்தம் பங்கும் இல்லையாகும்.

2. சொல்லும் சட்டமும்

பெரும்பான்மை, சிறுபான்மை என்பன தமிழில் புதியன அல்ல. இலக்கண உரையாசிரியர்கள் ஒரு வழக்கு மிகுதியும் பயில்வதைப் பெரும்பான்மை என்றும், அருகி வருவதைச் சிறுபான்மை என்றும் குறித்தனர். அவர்கள் சிறுபான்மை வழக்கைப் பிழையென்று தள்ளவில்லை. அதற்கும் இடம் வகுத்து விதி கூறினர். சிறுபான்மை அரசு என்னும் தொடரையும் அவ்வாறே கொள்ளுதல் தகும். ஓர் அமைச்சரவையின் சொந்தக் கட்சி அவையில் பாதிக்கும் குறைவாக இருத்தல் குற்றமன்று. பிற கட்சியாரின் துணையால் அவையின் நம்பிக்கையை அது பெற்றிருக்குமாயின், முறையான அரசேயாம். 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 இடங்களுள் 96 இடங்களையே பெற்ற தி.மு.க., காங்கிரசு முதலிய தோழமைக் கட்சிகளின் ஆதரவால் 2011 வரை ஐந்தாண்டும் ஆட்சி நடத்தியமை இதற்குச் சான்று.

இனி, சட்டம் யாது கூறுகின்றது? இந்திய அரசியலமைப்பின் 164ஆம் உறுப்பு, அமைச்சர்கள் ஆளுநர் விரும்பும்வரை பதவி வகிப்பர் என்றும், அமைச்சரவை சட்டமன்றத்திற்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் இரண்டு கூறுகின்றது. தோற்ற அமைச்சு இத்தனை நாளில் விலக வேண்டும் என்னும் விதி அதன்கண் இல்லை. கூட்டுப் பொறுப்பு என்னும் ஒரு தொடரினின்றே விலகற் கடமை பெறப்படுகின்றது. ஆகவே இஃது எழுதிய சட்டத்தினும் மரபையே மிகுதியும் சார்ந்து நிற்பது. அம்மரபு உருவான வரலாற்றை முறையே காண்போம்.

3. இரட்டையாட்சிக் காலம்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் 98 பேர் தேர்தலால் வந்தவர். அவர்களேயன்றி, பதவி வழியாலும் ஆளுநரின் நியமனத்தாலும் அமர்ந்தோர் முப்பதின்மருக்கு மேற்பட்டனர். இவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. இந்நிலையில், 1923 நவம்பரில் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சின்மீது கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தார். இந்தியச் சட்டசபைகளின் வரலாற்றில் இத்தகைய தீர்மானம் இதுவே முதலாவது என்பர். தீர்மானத்துக்கு ஆதரவாக 44 வாக்குகளும் எதிராக 65 வாக்குகளும் விழுந்தன. அமைச்சு நிலைத்தது.

நம்பிக்கையை அவையிலேயே அளந்தறியும் நெறி இவ்வாறு தொடங்கிற்று. உடன்பிறந்தே ஒரு குறையும் வந்தது. மக்கள் அனுப்பாதோரின் வாக்கும் மக்கள் அனுப்பியோரின் வாக்கும் ஒரே தட்டில் எண்ணப்பட்டன. 1926ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர் இக்குறை மேலும் வெளிப்பட்டது. மிகுதியான இடங்களைப் பெற்ற சுயராச்சியக் கட்சி அமைச்சேற்க மறுத்தது. ஆளுநர் கோஷன் பிரபு, எக்கட்சியும் சாராத டாக்டர் ப. சுப்பராயனை முதலமைச்சராக்கினார். நியமன உறுப்பினர் துணையாக நின்றனர். அடுத்த ஆண்டு வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் தோற்றது. 1928இல் சைமன் குழு பற்றிய பூசலில் அமைச்சர் இருவர் விலகினர். சுப்பராயனோ நீதிக்கட்சியாரின் ஆதரவுடன் தொடர்ந்தார். ஆதரவளித்தோர் மாறினர், முதலமைச்சர் மாறவில்லை. கூட்டுப் பொறுப்பு வேரூன்றாத காலத்தில் இதுவும் இயல்பாயிற்று.

இதற்கு மாறான நிகழ்ச்சியொன்று 1932இல் காணப்படுகின்றது. சொந்தக் கட்சியினரே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர முற்பட்டபோது, முதலமைச்சர் பொ. முனுசாமி நாயுடு வாக்கெடுப்புக்குக் காத்திராமல் அவ்வாண்டு நவம்பரில் விலகினார். பொப்பிலி அரசர் அவர் இடத்தைப் பெற்றார். தோல்வி உறுதியென்று அறிந்தபின் எண்ணிக்கையை வற்புறுத்தாத இச்செயல் மரபின் வளர்ச்சியில் ஒரு படி எனலாம்.

4. 1952: எண்ணியவர் ஆளுநர்

அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிய முதல் பொதுத்தேர்தலில், சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களைப் பெற்றிருந்தது. த. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய சனநாயக முன்னணி என்ற பெயரில் கூடி, காங்கிரசினும் மிகுதியான உறுப்பினர் தம்பால் உளர் எனக் கூறி ஆட்சியமைக்க உரிமை கோரினர். ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தேர்தலில் நில்லாத இராசாசியை மேலவைக்கு நியமித்தார். அவர் 1952 ஏப்ரல் 10ஆம் நாள் முதலமைச்சரானார்.

அவை தன் நம்பிக்கையைத் தெரிவித்தது சூலை 3ஆம் நாளில். ஆதரவு 200, எதிர்ப்பு 151. இடைப்பட்ட பன்னிரண்டு வாரங்களில் சுயேச்சை உறுப்பினரும் சிறு கட்சியினரும் ஆளுங்கட்சியை நோக்கி நகர்ந்தனர். சேத்துப்பட்டும் ஆரணியும் அன்று அடங்கியிருந்த வடவார்க்காடு மாவட்டத்தின் பங்கு ஈண்டுக் குறிக்கத்தக்கது. வடவார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் செல்வாக்குற்றிருந்த காமன்வீல் கட்சிக்கு இருந்த உறுப்பினர் அறுவரே. அக்கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயகர் இராசாசியின் அமைச்சரவையில் இடம்பெற்றார். பெருங்கட்சிகள் இரண்டும் பெரும்பான்மை எய்தாத அவையில் அறுவரின் வாக்கும் ஓர் ஆட்சியின் தூணாகியது.

இராசாசி அமைச்சு இறுதியில் அவையின் நம்பிக்கையைப் பெற்றதில் ஐயமில்லை. ஆயினும் வரிசை மாறியமையைக் கருத வேண்டும். முதலில் ஆளுநர் எண்ணினார்; பின்னர் அவை எண்ணியது. ஆட்சி கையில் உள்ளாரிடம் நடுநிலையாளர் சேர்வது உலகியல்பு. ஆகலின், அமைச்சமைத்த நாளுக்கும் வாக்கெடுத்த நாளுக்கும் உள்ள இடைவெளியே ஒரு வலிமையாகிவிடுகின்றது.

5. ஒரு தீர்மானத்தில் தோற்பதும் நம்பிக்கை இழப்பதும்

1953 சூலையில் தொடக்கக் கல்வித் திட்டம் பற்றிய விவாதம் மற்றொரு நுட்பத்தை விளக்கும். திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்திற்கு இருபுறமும் 138 வாக்குகள் விழ, அவைத்தலைவர் சிவசண்முகம் பிள்ளையின் வாக்கால் அது தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஆராய வேண்டும் என்ற தீர்மானமோ 139க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசு தோற்றது, ஆனால் விலகவில்லை. ஒரு திட்டத்தை அவை மறுத்தல் வேறு, அமைச்சையே மறுத்தல் வேறு என்ற வேறுபாடு இதனால் நிலைபெற்றது. 1954இல் இராசாசி விலகியது சட்டமன்றத் தோல்வியால் அன்று. தம் கட்சிக்குள் ஆதரவு குறைந்தமையாலாகும். அவ்வாண்டு ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார்.

அதே ஆண்டில் ஆந்திர மாநிலத்தில் நேர்ந்தது இதன் மறுபக்கம். 1952இல் ஆட்சியமைக்க இயலாத பிரகாசம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் உருவான ஆந்திரத்தின் முதல் முதலமைச்சரானார். மதுவிலக்குப் பற்றிய பூசலில் 1954 நவம்பரில் அவர் அமைச்சின்மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒரே வாக்கு மிகுதியால் நிறைவேறியது. அவர் பதவி விலகினார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1999 ஏப்ரல் 17ஆம் நாள், அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதனால் வாச்பாய் அமைச்சு மக்களவையில் 269க்கு 270 என்ற கணக்கில் தோற்று விலகியதும் இத்தகையதே. அன்று ஒடிசாவின் முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை இன்னும் விடாதவராய் வந்து வாக்களித்தார். அவ்வாக்கு முறையானதா என்று பலர் வினவினர். எனினும் தோற்ற அமைச்சு விலகத் தயங்கவில்லை. விலகற் கடமை ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்பட்டிருந்ததையும், எண்ணப்படுவோர் யார் என்பதே ஐயத்திற்கு இடமாயிருந்ததையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகின்றது.

6. எண்ணப்படுவோரைக் குறைத்தல்

1985இல் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணை அரசியலமைப்பில் சேர்ந்தது. அதன்படி உறுப்பினர் தகுதியை நீக்கும் அதிகாரம் அவைத்தலைவரிடம் அமைந்தது. நோக்கம் நன்று. விலைக்கு அணிமாறுதல் வாக்காளர்க்கு இழைக்கும் தீங்கே. ஆனால் அவ்வதிகாரம் வாக்கெடுப்பை ஒட்டி வழங்கும்போது, எண்ணிக்கையின் அடித்தளமே மாறுகின்றது.

எம்.ஜி.ஆர். மறைவிற்குப் பின், 1988 சனவரி 7ஆம் நாள் சானகி இராமச்சந்திரன் முதலமைச்சரானார். அம்மாதம் 28ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பு. அவைத்தலைவர் பி.எச். பாண்டியன் எதிரணியில் நின்ற கட்சி உறுப்பினரின் தகுதியை நீக்கினார், அவையில் கைகலப்பு மூண்டது, காவலர் உட்புகுந்தனர். தீர்மானம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் நடுவண் அரசு அவ்வாட்சியைக் கலைத்தது. அவை எண்ணிய முறையில் நம்பிக்கை இல்லாதபோது, அவைக்கு வெளியிலிருந்து வேறொரு கை தலையிட இடம் ஏற்படுகின்றது என்பது இதனால் விளங்கும். 1994 மார்ச்சில் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஆதரவை அளந்தறியும் இடம் அவையே என்று வரையறுத்தது. எவ்விடத்தில் என்ற வினா அத்துடன் தீர்ந்தது. எவரை எண்ணி என்ற வினா எஞ்சி நின்றது.

அதனை 2017ஆம் ஆண்டு மீண்டும் எழுப்பியது. அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் எடப்பாடி பழனிசாமி அமைச்சு 122க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை பெற்றது. ஆகத்தில் ஆளுங்கட்சியினர் ஒரு பகுதியார் முதலமைச்சர்க்கு ஆதரவில்லை என ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தனர். செப்டம்பர் 18ஆம் நாள் அவருள் 18 பேரின் தகுதியை அவைத்தலைவர் நீக்கினார். ஓரிடம் முன்னரே வெறுமையாயிருந்தமையின், 233 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 117 வேண்டியிருந்தது. 215 பேராகக் குறைந்த அவையில் 108 போதுமாயிற்று. இந்நீக்கத்தை 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றம் செல்லும் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பை மறுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் பழைய வடவார்க்காட்டின் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் ஆகிய மூன்றும் அப்பதினெட்டில் அடங்கும். 2019 மே மாதத்தில் இடைத்தேர்தல் முடிவு வரும்வரை ஏறத்தாழ இருபது திங்கள் அத்தொகுதி மக்களுக்கு அவையில் வாக்கில்லை. உறுப்பினர் தவறியிருப்பின் தண்டனை அவர்க்குரியது. வாக்காளரும் அதனைச் சுமந்தனர்.

7. எண்ணப்படுவோரைக் கூட்டுதல்

நம் அண்டையிலுள்ள புதுச்சேரியில் 1923ஆம் ஆண்டின் பழைய வினா புதிதாய் எழுந்தது. அங்கே தேர்தலால் வருவோர் 30 பேர். நடுவண் அரசு மூவரை நியமிக்கலாம். அம்மூவர்க்கும் வாக்குரிமை உண்டு என 2018 திசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. 2021 பிப்ரவரியில் ஆளுந்தரப்பினர் சிலர் பதவி துறக்கவே, அவைத்தலைவர் உள்ளிட்ட 12 பேர் நாராயணசாமி அமைச்சின் பக்கம் எஞ்சினர். தேர்ந்தெடுக்கப்பெற்ற எதிர்த்தரப்பினர் 11 பேர். நியமன உறுப்பினர் மூவரும் சேர 14 ஆயிற்று. அம்மூவரை நீக்கி எண்ணினால், அவைத்தலைவர் நீங்கலாக இருபுறமும் பதினொருவர் நின்றிருப்பர். முதலமைச்சர் 22ஆம் நாள் வாக்கெடுப்புக்கு முன்னரே வெளியேறிப் பதவி விலகினார். நியமன உறுப்பினரின் வாக்கைக் குறைகூறினும், விலகற் கடமையை அவர் மறுக்கவில்லை.

8. முடிவுரை

தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து ஊர்ச்சபை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வகுத்த விதிகளைத் தமிழ் மாணவர் அறிவர். அது பிராமணர் ஊரின் சபை. குடவோலையும் வாக்கெடுப்பும் ஒன்றல்ல. ஆதலின் இக்கால மக்களாட்சியை ஆண்டுக் காண முயல்வது பொருந்தாது. எனினும் ஒரு நெறி கருதத்தக்கது. எவர் பெயர் குடத்துள் இடப்படலாம், எவர் பெயர் இடப்படலாகாது என்பன ஓலை எடுப்பதற்கு முன்னரே வரையறுக்கப்பட்டுக் கல்லில் வெட்டப்பட்டன. குடத்துள் கைவிட்ட பின்னர்த் தகுதி ஆராயப்படவில்லை.

மேற்காட்டியவற்றால் பெறப்படும் முடிபுகள் நான்கு. சிறுபான்மை அரசாயிருத்தல் ஒன்றே விலகுதற்குக் காரணமாகாது. ஒரு திட்டத்தில் தோற்றலும் காரணமாகாது. நம்பிக்கை வாக்கெடுப்பில் ஒரு வாக்கால் தோற்பினும் உடனே விலகுதல் கடமை; இதனை நம் மரபு ஐயமின்றி ஏற்றுள்ளது. அக்கடமை பொருளுடையதாக வேண்டுமாயின், ஆதரவு ஐயுறப்பட்ட நாளில் இருந்த உறுப்பினர் அனைவரையும் கொண்டு வாக்கெடுப்பு விரைந்து நடைபெறல் வேண்டும். தகுதி நீக்கம் பற்றிய வழக்குகள் அதன்பின் ஆராயப்படலாம்; மக்கள் தேர்ந்தெடாதோர் ஓர் ஆட்சியின் வாழ்வையும் வீழ்வையும் முடிவு செய்தல் ஒழிதல் வேண்டும்.

தோற்றவர் விலகுதல் அவர்தம் பெருந்தன்மையைக் காட்டும். தோற்றவர் எவர் என்பதை நேர்மையாக எண்ணியறிதலோ அவையின் பெருமையைக் காட்டும். முன்னதை நம் வரலாறு பெரும்பான்மையும் காத்து வந்துள்ளது. பின்னதைக் காப்பது சிறுபான்மையாகவே நிகழ்ந்துள்ளது என்பது இவ்வாய்வின் துணிபு.