பிறிட்ஜில் இருந்த பால்

எங்கள் வீட்டு பிறிட்ஜில் இப்போது சொதிச் சட்டிக்கும் மீன்குழம்புக்கும் இடமில்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கும் மகள் மேல்தட்டு முழுவதையும் பிடித்துவிட்டாள். சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் பைகள். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். "அப்பா, நாலு பாகைக்குக் கீழ இருந்தா எட்டு நாள் வைக்கலாம். பிறீசர் மைனஸ் பதினெட்டில ஆறு மாதம். மைக்ரோவேவில மட்டும் சூடாக்கக் கூடாது" என்று எனக்கு வகுப்பும் எடுத்தாள். எனக்கு வகுப்பா? 1997இல் இவள் குடித்த பாலைக் காவித் திரிந்தவனே நான்தான்.

இவள் பத்துக் கிழமை முந்திப் பிறந்தவள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. மூக்கால் விட்ட ரியூப் வழியாக ஒரு மில்லி, இரண்டு மில்லி. மனைவி வீடு வந்துவிட்டா, பிள்ளை வைத்தியசாலையில். வாடகைக்கு எடுத்த பம்பில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாலை எடுத்துப் போத்தலில் விட, நான் ஐஸ் பையில் வைத்து மனர் பார்க்கிலிருந்து 25ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டு போவேன். இருந்ததோ ஆறு பெடியளோடு பங்கு வீடு. எல்லாருக்கும் ஒரே பிறிட்ஜ். விடிய வேலையால் வந்த ஒருத்தன் நித்திரைத் தூக்கத்தில் போத்தல் பாலைத் தேத்தண்ணிக்குள் விட்டுவிட்டான். மனைவி அழுதது அவனைக் கோபித்தல்ல. அது ஒரு இரவின் உழைப்பு. அந்தப் பெடியன் பிறகு ஒரு வருசம் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பால் குறைந்துவிட்டது. வேறு தாய்மார் தந்த பால் இருக்கிறது, கொடுக்கலாமா என்று தாதி கேட்டா. மனைவி என்னைப் பார்த்தா. ஆருடைய பாலோ, என்ன வருத்தமோ. எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்குப் பால் தந்தது மூன்றாம் வீட்டு மாமி. கடைசிவரை அவவை "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டேன். அங்கே ஆரென்று தெரியும், இங்கே தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டோம்.

அந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் தேடி வாசித்தேன்.

லண்டனுக்கு இது புதிய விசயம் அல்ல. தோமஸ் கோரம் என்ற கப்பல்காரர், தெருவில் போடப்பட்ட குழந்தைகளுக்காக அரச சாசனம் பெற்று நிறுவிய ஃபவுண்ட்லிங் வைத்தியசாலை 1741இல் முதற் குழந்தைகளை ஏற்றது. பெயர்தான் வைத்தியசாலை, உண்மையில் அநாதை இல்லம். கைக்குழந்தைகளை நாட்டுப்புறத்துப் பால்கொடுக்கும் பெண்களிடம் கூலிக்கு அனுப்பினார்கள். 1756இல் பாராளுமன்றம் பணம் தந்து, வருகிற பிள்ளைகள் எல்லாரையும் எடுக்கச் சொன்னது. நாலு வருசத்தில் ஏறக்குறைய 15,000 பிள்ளைகள். அத்தனை பேருக்குத் தாதிமாருக்கு எங்கே போவது? மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செத்துப்போயின. அந்த இடத்தில் இன்று கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற விளையாட்டுத் திடல் இருக்கிறது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகாத பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். மகளோடு போயிருக்கிறேன்.

தாதியைத் தேடுவதற்குப் பதிலாகப் பாலை மட்டும் எடுத்துச் சேர்த்துவைக்கலாம் என்ற எண்ணம் வர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் திறக்கப்பட்டது. அதை அமைத்த தியடோர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியரின் பெயரைத்தான் ஈ-கோலை என்ற கிருமியும் சுமக்கிறது. அடுத்த வருசம் பொஸ்ரன். 1934இல் கனடாவில் டியோன் குடும்பத்தில் ஒரே சூலில் ஐந்து பெண்பிள்ளைகள் பிறந்தபோது, தூர நகரங்களிலிருந்து ரயிலில் தாய்ப்பால் போனது. ஐந்தும் பிழைத்தன. என் 25ஆம் இலக்க பஸ்ஸுக்கு முன்னோடி அந்த ரயில்தான்.

லண்டனில் 1939இல் குயின் சார்லட் மகப்பேற்று வைத்தியசாலையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. பணம் கொடுத்தவர் சேர் ஜூலியன் கான் என்ற தளபாட வியாபாரி, கிரிக்கெட் பைத்தியம். அந்த வருசமே யுத்தம் வந்தும் வங்கி அழியவில்லை. வைத்தியசாலை இடம் மாறியபோது அதுவும் கூடவே போனது.

அதே 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலை விட்டுவிட்டு ரின்பால் கொடுக்கச் சொல்லி ஏழைப் பெண்களை ஏய்ப்பதும் கொலைதான் என்றார். எங்கள் ஊரிலும் பால்மாப் பேணியில் சிரிக்கும் கொழுத்த பிள்ளையைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. வெறும் பேணியில் அரிசி அளந்தோம், அது வேறு கதை. 1974இல் லண்டனின் வார் ஒன் வான்ற் அமைப்பு பால்மாக் கம்பனிகளைப் பற்றி "குழந்தைக் கொலையாளி" என்ற சிறுநூலை வெளியிட்டது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1981இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் விற்பனை விதிக்கோவை வந்தது. கம்பனிகள் அதற்குப் பிறகு திருந்திவிட்டன என்று நான் நம்பவில்லை.

பிறகு எயிட்ஸ். அந்தக் கிருமி பாலாலும் பரவும் என்று தெரிந்ததும் 1980களில் பிரித்தானியாவின் பால் வங்கிகள் பல மூடப்பட்டன. எஞ்சியவை தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்கித்தான் கொடுத்தன. அந்தக் கிருமி அந்தச் சூட்டில் சாகும். மனைவி தாதியிடம் கேட்கத் துணியாத கேள்விக்குப் பதில் இதுதான். 1997இல் பால் வங்கிகளுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. எங்கள் பிள்ளை பிறந்தது அந்த வருசந்தான்.

ஆசியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயன் வைத்தியசாலையில் திறந்தது. ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் என்ற பெண் வைத்தியர் அமைத்தது.

பதினொரு நாள் பிறத்தியார் பால் குடித்தாள் மகள். தந்தவர்கள் ஆரென்று எங்களுக்குச் சொல்லவில்லை. வெள்ளையோ, கறுப்போ, சோமாலியோ, எங்கடை ஆளோ. மனைவி முருங்கையிலைச் சுண்டலும் பால்சுறாப் புட்டும் தின்று தின்று, பன்னிரண்டாம் நாள் மறுபடி ஐஸ் பை நிரம்பியது.

இப்போது மகளுக்குப் பால் மிச்சம். இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பால் வங்கிக்குப் பதிந்திருக்கிறாள். போன சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஒரு தொண்டர் வந்தார். ஓய்வுபெற்ற வயதிருக்கும், சம்பளம் கிடையாது. பைகளை எண்ணி எண்ணிப் பெட்டியில் அடுக்கினார். தேத்தண்ணி குடியுங்கோ என்று மனைவி கேட்டா. பால் உருக முந்திப் போகவேண்டும் என்றார்.