மழைநாளில் மோட்டார்ப் பந்தயம்

தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில், யமுனை விரைவுச் சாலையின் அருகே, 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத்தர் பன்னாட்டுப் பந்தயத் தடம் உளது. 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் அங்கு நடைபெற்றது. மூன்றும் அக்டோபர் மாதக் கடைசியில், பருவமழை ஓய்ந்த பின்னரே நிகழ்ந்தன. ஆதலின், மழைக்கென்றே செய்யப்படும் டயர்கள் அப்பந்தயங்களில் ஓடும் காட்சி தில்லிவாழ் தமிழராகிய நமக்குக் கிட்டவில்லை. எனினும், அத்தடத்தில் கார் ஓட்டிய நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், வேறொரு நாட்டில் அவற்றின் ஆற்றலைக் காட்டினார்.

2012 மார்ச் 25 அன்று மலேசியாவின் செப்பாங் தடத்தில் பந்தயம் தொடங்கியபோது தரை நனைந்திருந்தது. பெரும்பாலோர் மிதமான ஈரத்திற்கு ஏற்ற டயர்களையே பூட்டியிருந்தனர். வரிசையின் பின்பகுதியில் நின்ற கார்த்திகேயனின் காரிலோ பெருமழை டயர்கள் இருந்தன. மழை வலுத்தது, மற்றவர்கள் டயர் மாற்ற ஒதுங்கினர், அவர் தொடர்ந்து ஓடினார். மழையின் கடுமையால் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டபோது அவர் பத்தாம் இடத்தில் இருந்தார்.

இதன் காரணம் யாது? உலர்ந்த தரையில் ஓடும் பந்தய டயர் வழவழப்பானது. அதன் ரப்பர் முழுதும் தரையைப் பற்றும். ஈரத்திலோ டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து காரையே தூக்கிவிடும். அப்போது திருப்பினாலும் தடுத்தாலும் கார் கேளாது. மழை டயரில் வெட்டிய ஆழ்ந்த பள்ளங்கள் அந்நீரை வெளியேற்றுகின்றன. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டயர் நொடிக்கு 85 லிட்டர் வரை நீரை அகற்றும் என்பது பிரெல்லி நிறுவனத்தார் கணக்கு.

அந்நீர் எங்கே செல்லும்? பின்வருபவர் கண்முன் வெண்புகையாய் எழும்பும்! முன்னவருக்குப் பிடிப்பளித்த டயரே பின்னவர் பார்வையை மறைக்கிறது. 1976-இல் ஜப்பானின் ஃபூஜி தடத்தில் நிக்கி லௌடா, உயிரே பெரிதென்று இரண்டு சுற்றுகளோடு விலகினார். உலகப் பட்டத்தை ஒரே புள்ளியில் இழந்தார். 1982-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், புள்ளிப் பட்டியலில் முதலிடத்திலிருந்த டிடியே பிரோனி, பயிற்சியின்போது நீர்த்திரைக்குள் மறைந்திருந்த அலேன் புரோஸ்டின் கார்மீது மோதினார். அவர் கால்கள் நொறுங்கின. மீண்டும் அப்பந்தயத்தில் அவர் ஓட்டவே இல்லை.

பின்புறச் சிவப்பு விளக்கும், முன்னே செல்லும் பாதுகாப்புக் காரும் இன்று துணைபுரிகின்றன. ஆயினும் 2021-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், பாதுகாப்புக் காரின் பின்னே சில சுற்றுகள் மட்டும் ஓடிப் பந்தயம் முடிந்தது. பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. 2023-இலும் 2024-இலும் சக்கரங்களுக்கு மூடியிட்டுச் சோதித்தும் போதிய பயன் விளையவில்லை. காரின் அடிப்புறத்தே விரையும் காற்றும் நீரை வாரியிறைப்பதே இதற்கு ஒரு காரணம்.

ஆவணி மழையில் ஒரு லாரியின் பின்னே யமுனை விரைவுச் சாலையில் செல்லும் நமக்கும் இவ்வுண்மை பொருந்தும். நம் டயர் புதிதாயிருக்கலாம். அது தரையைப் பற்றுமேயன்றி, முன்னுள்ளதைக் காட்டாது. இடைவெளி விட்டு மெல்லச் செல்வதொன்றே நம் கையில் உள்ள காப்பு.