கருப்பைவாய் கனிவித்தல்: குழாயும் மருந்தும்

மகப்பேற்று வலியை மருத்துவர் தூண்ட நேருங்கால், கருப்பைவாய் முதற்கண் மென்மையுற்றிருத்தல் வேண்டும். இதனைக் 'கனிதல்' என்பர், பொருத்தமான சொல்லே. காயாக உள்ளபோது வலியூட்டின் துன்பமே மிகும். இந்நிலையை மதிப்பெண்ணால் அளக்க 1964-இல் பிஷப் என்பார் வழிவகுத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர்த்திய கடற்பாசித் தண்டினைச் செருகினர். அது ஈரம் உறிஞ்சிப் பருத்து வாயை விரித்தது. தொற்று நேர்ந்தமையின் வழக்கு அருகிற்று. 1967-இல் எம்பிரே, மாலிசன் இருவரும் சிறுநீர் வடிக்கும் ஃபோலி குழாயை இதற்கு ஆண்டனர். நீர் நிரம்பிய அதன் குமிழ் உள்வாயை அழுத்தித் திறக்கும்.

மறு ஆண்டே, புராஸ்டகிளாண்டினால் வலி தூண்டியதை உகாண்டாவிலிருந்து கரீம் வெளியிட்டார். பின்னர் அம்மருந்து கூழ்மமாகிக் கனிவிக்கவும் பயன்படவே, குழாய் பின்தங்கிற்று. ஆயினும் பழையதெனக் குழாயைத் தள்ளுதல் பொருந்தாது. 824 மகளிரிடை இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், அறுவை மகப்பேறு ஏறத்தாழ ஒத்தே இருந்தது. குழவியை மருத்துவப் பிரிவில் சேர்க்க நேர்ந்தது குழாய்வழியிற் குறைவு.

நாகபுரியில் நிகழ்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு வேறு கூறும். குருதியழுத்தம் மிக்க கருவுற்ற மகளிருள் 24 மணி நேரத்துள் அறுவையின்றி ஈன்றோர், மிசோபிரோஸ்டால் உண்டவருள் நூற்றுக்கு 57. குழாய் பெற்றவருள் 47. விரைவில் மருந்தே மேம்பட்டது. ஆனால் முன்னர் அறுவையால் ஈன்றவளுக்கு அம்மருந்து பழந்தழும்பு பிளக்கும் இடர் தருமாகலின், அவளுக்கு அது விலக்கப்பட்டது; குழாய் விலக்கப்படவில்லை.