இரட்டைத் துவக்கமும் முதல் கட்டளையின் உரிமையும்: தனிநபர் கணினி வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியைத் தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் முறை இரட்டைத் துவக்கம் எனப்படும். இது பெரும்பாலும் ஒரு நிறுவல் நுட்பமாகவே விளக்கப்படுகிறது. ஆயினும் இதன் வரலாற்றில், வன்தட்டில் இடம் உண்டா என்பதைவிட, கணினியின் முதல் கட்டளை யார் கையில் உள்ளது என்பதே முதன்மையான வினாவாக இருந்துள்ளது. இதனை மூன்று கட்டங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது.

வன்தட்டின் முதற்பகுதி

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினிக்குப் பிசி டாஸ், சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என மூன்று இயங்குதளங்களை அறிவித்தது. அக்கணினியில் நெகிழ்வட்டை மாற்றினாலே இயங்குதளம் மாறியது. 1983இல் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் எக்ஸ்.டி. கணினி வெளிவந்தபோது, வன்தட்டைப் பிரிக்கும் முறை பிசி டாஸ் 2.0இல் இடம்பெற்றது. வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுள் 64 பைட்டுகள், நான்கு பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு ஒதுக்கப்பட்டன. பிரிவுகள் நான்காயினும், அவற்றுள் ஒன்றைத் தொடங்கிவைக்கும் நிரலுக்கான இடம் ஒன்றே. 1990களில் உருவான லைலோ, கிரப் ஆகிய துவக்க நிரல்கள் அவ்விடத்தில் அமர்ந்து, பயனருக்குத் தேர்வுப் பட்டியலைக் காட்டின. அதன்பின் விண்டோசை நிறுவினால், அது தன் நிரலை அங்கே எழுதிவிடும். லினக்சு வன்தட்டில் இருந்தும் அதனைத் தொடங்க வழியிராது. விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவும் வழக்கம் இதனால் ஏற்பட்டதாகும்.

பிஓஎஸ் வழக்கு

1998இல் ஹிட்டாச்சி நிறுவனம், விண்டோசுடன் பிஓஎஸ் இயங்குதளத்தையும் கொண்ட கணினிகளை அறிவித்தது. ஆனால் அவற்றை இயக்கினால் விண்டோசு மட்டுமே தொடங்கியது. வாங்கியவர் தனியே சில படிகளைச் செய்தாலன்றிப் பிஓஎஸ் தென்படவில்லை. மைக்ரோசாப்ட்டின் உரிம நிபந்தனைகளே இத்தகைய தடைகளுக்குக் காரணம் எனப் பிஓஎஸ்ஸை உருவாக்கிய நிறுவனம் 2002இல் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாப்ட் தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமல், 2003இல் 2.325 கோடி டாலர் அளித்து உடன்பாடு கண்டது. எனினும், பிஓஎஸ் தொடர்பான சொத்துகள் 2001இலேயே பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தன.

கையொப்பமும் அனுமதியும்

2012இல் விண்டோசு 8 உடன் 'பாதுகாப்பான துவக்கம்' பரவலாயிற்று. ஏற்கப்பட்ட மின்கையொப்பம் இல்லாத துவக்க நிரலைக் கணினி இயக்காது. தீநிரல்களைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆயினும், லினக்சு வழங்கல்கள் தம் துவக்க நிரலுக்கு மைக்ரோசாப்ட்டின் கையொப்பத்தையே பெறவேண்டிய நிலை உருவாயிற்று. இண்டெல் வகைக் கணினிகளில் பயனர் இதனை அணைக்க இடமளிக்கப்பட்டது. ஆர்ம் சில்லில் இயங்கிய விண்டோசு ஆர்டி கருவிகளில் அவ்வுரிமை தரப்படவில்லை.

முடிவுரை

நான்கு இயங்குதளங்களுக்கு இடமளிக்கும் அமைப்பு 1983இலேயே இருந்தது. பின்னர் எழுந்த தடைகள் இடப் பற்றாக்குறையால் விளைந்தவை அல்ல. நிறுவல் முறை, உரிம ஒப்பந்தம், மின்கையொப்பம் என வடிவம் மாறினும், அவை யாவும் முதல் கட்டளையைச் சார்ந்தே எழுந்தன. ஆகவே, ஒரு கணினியில் எத்தனை இயங்குதளங்கள் உள்ளன என்பதைக் கொண்டு மட்டும் பயனரின் உரிமையை அளவிட இயலாது. அவற்றுள் எதனைத் தொடங்குவது என முடிவுசெய்பவர் யார் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.