மின்மாற்றியின் நாடி

மும்பை மாநகரின் கீழ்த்திசையில், டிராம்பே குன்றுக்கு அருகே அமைந்தது அணுசக்தி நகர். அணு ஆராய்ச்சித் துறையில் பணிபுரிவோர் வாழும் குடியிருப்பு அது. செம்பூர்த் தமிழருக்கு அண்டை அயல். அணுவைப் பற்றி அங்கே பேசுவோர் பலர். அணு உலைக்கும் காவலாக நிற்கும் மின்மாற்றியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அதன் நோயை அறிய மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது.

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திர அருவியின் மின்சாரம், தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தை எட்டியது. 1915இல் கோபோலியின் நீர்மின்சாரம் பம்பாய் ஆலைகளுக்கு வந்தது. நெடுந்தொலைவு செல்ல மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். ஊரை அடைந்தபின் தாழ்த்த வேண்டும். இரண்டையும் செய்வது மின்மாற்றி.

அதனுள்ளே தாமிரச் சுருள்கள் தாள் சுற்றப்பெற்று எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. தாளும் எண்ணெயுமே மின்காப்பு. எண்ணெயைப் புதுப்பிக்கலாம், முதுமையடைந்த தாளை அவ்வாறு புதுப்பிக்க இயலாது. காப்பினுள் எங்கேனும் சிறு இடைவெளி நேர்ந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்பொறிகள் தோன்றும். அவை நாளடைவில் காப்பை அரித்து, முடிவில் பெருந்தீயாகவும் மூளக்கூடும்.

1921இல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்ஹோல்ஸ் ஒரு காவற்கருவியை அமைத்தார். எண்ணெயிலிருந்து எழும் வாயுக் குமிழிகள் அதிற் சேர்ந்ததும் எச்சரிக்கை ஒலிக்கும். ஆயினும் குமிழி எழுமுன்பே வாயு எண்ணெயிற் கரைந்திருக்குமல்லவா? ஆகவே எண்ணெயைச் சிறிது எடுத்து, கரைந்த வாயுக்களை அளக்கும் முறை பின்னர் பரவியது. ஹைட்ரஜன் மிகுந்தால் நுண்பொறி. எத்திலீன் மிகுந்தால் கடுஞ்சூடு. அசெட்டிலீன் தோன்றினால் மின்வில். கார்பன் மோனாக்சைடு பெருகினால் தாள் சிதைகிறதென ஐயுறலாம். 1974இல் கனடாவின் மிஷேல் டுவால், மூன்று வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்திற் குறித்து நோயின் வகையைக் காணும் வழியை வெளியிட்டார்.

விகிதம் என்றாலே கணக்கு. கணக்கை யந்திரத்திடம் விடும் கலையும் இதே மாநகரில் வளர்ந்தது. சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு கணிப்பொறியை உருவாக்கினர். 1960இல் இயங்கத் தொடங்கிய அதற்கு 1962இல் நேரு ‘டிஃப்ராக்’ எனப் பெயரிட்டார். அதில் ஏறக்குறைய 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது விஞ்ஞானக் கணக்குகளுக்காகப் பிறந்தது. மின்மாற்றியை ஆராயும் பணி அதன் வழிவந்த தலைமுறைகளுக்கு வாய்த்தது. இன்றைய கணிப்பொறி, நுண்பொறியின் துடிப்பைப் புற இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறது. 1990களிலிருந்து, பழைய பழுதுகளின் பதிவுகளைப் படித்துப் புதிய பழுதை இனங்காணவும் அது பழக்கப்பட்டு வருகிறது.

இத்துணை முயற்சி எதற்கு? அணு உலையை நிறுத்திய பின்பும் அதன் வெப்பம் உடனே தணிவதில்லை. குளிர்விக்கும் நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து அது மின்மாற்றி வழியாகவே வருகிறது. 1993 மார்ச் 31ஆம் நாள் நரோரா அணுமின் நிலையத்தில் மூண்ட தீ மின்வடங்களை எரித்தது. ஏறக்குறைய 17 மணி நேரம் அவ்வுலை மின்சாரமின்றி இருந்தது. தீ பிறந்த இடம் சுழலி, மின்மாற்றி அன்று. ஆயினும் மின்சாரம் அற்றுப்போவதன் பொருளை நாடு அன்று உணர்ந்தது.

இங்கே ஒரு விந்தை உண்டு. நன்கு பேணப்படும் மின்மாற்றிகள் அரிதாகவே பழுதுறும். எனவே யந்திரம் படிக்க வேண்டிய பாடங்களும் அரியவை. யந்திரம் ஐயத்தைத்தான் கூறும். மின்மாற்றியை நிறுத்தினால் பல வட்டாரங்கள் இருளலாம். நிறுத்தாவிட்டால் தீ மூளலாம். இவ்விரண்டையும் சீர்தூக்கி முடிவு செய்யும் பொறுப்பு, நாடி பார்க்கும் வைத்தியரைப்போல, அனுபவமிக்க பொறியாளருடையது.