கோவில்பட்டி கொண்டையராஜுவும் நம்ம ஊர் மலையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மறுமலர்ச்சிக் காலப் பாடத்தில் டாவின்சி, மைக்கேலாஞ்சலோ, ரஃபேல் என்று மூன்று பேரை ஒப்பித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்கெல்லாம் முந்தைய தலைமுறையில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஃபிலிப்போ லிப்பி என்று ஒரு துறவி ஓவியர் இருந்தார். கசாப்புக் கடைக்காரர் மகன். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, அத்தையிடம் வளர்ந்து, கார்மலைட் மடத்தில் சேர்க்கப்பட்டவர். 1421இல் முறைப்படி துறவியானார். அந்த மடத்துக் கோயிலுக்கே மசாச்சோ என்ற பெரிய ஓவியர் 1420களில் சுவரோவியம் எழுத வந்தார். இளைஞர் லிப்பி அதைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார் என்பார்கள். பின்னாளில் அவர் துறவைக் காப்பாற்றிய லட்சணம் தனிக்கதை. அதை வகுப்பில் சொல்ல முடியாது!

லிப்பிக்குத் துறவு முதலில், தூரிகை பிறகு. நான் சொல்ல வந்தவருக்குத் தூரிகை முதலில், துறவு பிறகு, அப்புறம் மறுபடியும் தூரிகை. அவர் பெயர் சி. கொண்டையராஜு. பெயர் தெரியாவிட்டாலும் அவர் எழுதிய படத்துக்கு முன்னால் உங்களில் பாதிப் பேருடைய பாட்டிமார் விளக்கேற்றியிருப்பார்கள்.

1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறதே, அதுதான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் ஆரம்பித்தது. டாக்டருக்கு ஓவியப் பள்ளி எதற்கு என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களில் அப்படிப் பலர் உண்டு. அங்கே தந்த பயிற்சி பெரும்பாலும் ஐரோப்பிய முறை. உடம்பின் அளவுகள், வெளிச்சமும் நிழலும் விழும் விதம், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் கணக்கு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்து அந்தப் பள்ளியின் போக்கையே மாற்றியது 1929இல்தான். நம் ராஜு படித்தது அதற்கு முன்னால்.

இப்படி முறையாகப் படித்தவருக்கு அன்று ஒரு நேர்வழி இருந்தது. டிராயிங் மாஸ்டர் வேலை, இல்லாவிட்டால் ஜமீன்தார்களுக்கு உருவப்படம் எழுதுவது. ராஜுவோ சாமியாராகப் போகிறேன் என்று புறப்பட்டுத் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். ரமண மகரிஷியிடம் சேர்ந்தார்.

அன்றைய ரமணாசிரமத்தை இன்றைக்குச் செங்கம் சாலையில் பார்ப்பதுபோல நினைக்கக் கூடாது. பகவான் விருபாக்ஷ குகையிலும் பிறகு கந்தாசிரமத்திலும் இருந்தார். 1922இல் தாயார் அழகம்மாள் மறைந்து, அடிவாரத்தில் சமாதி வைத்த பிறகுதான் அவர் கீழே இறங்கி வந்தார். கூரைக் கொட்டகையில் ஆரம்பித்த இடம் அது. துறவு கேட்டு வந்தவர்களிடம் வேலையை விடு, வீட்டை விடு என்று பகவான் சொல்வது வழக்கமில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ராஜுவும் இங்கேயே தங்கிவிடவில்லை. ஆசிரமத்தை விட்டுப் போனவர் சேர்ந்த இடம்தான் வேடிக்கை: ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனி! அங்கே சீன் எழுதும் ஓவியர்.

இதைக் கீழிறக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓவியப் பள்ளி தராத பயிற்சி அது. தர்பார், கடைத்தெரு, காடு, கைலாசம் என்று ஆளுயரத்தைவிடப் பெரிய படுதாக்களை எழுத வேண்டும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மங்கின வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். படுதா மேலே போனதும் நடுவில் நிற்கும் தெய்வத்தைப் பார்த்து ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டும். படம் எழுதியவருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை எது?

1940களின் தொடக்கத்தில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ராஜு அந்த ஊரிலேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று வைத்துக்கொண்டார். பக்கத்தில் சிவகாசி. அங்கே 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது, அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் வந்தது. காலண்டருக்கு சாமி படம் வேண்டும். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, காபிக் கடை என்று எல்லார் பெயரும் கீழே, ராஜுவின் முருகனும் மீனாட்சியும் மேலே.

அவருடைய மீனாட்சி கல்யாணம் படத்தை உற்றுப் பாருங்கள், நான் மேலே சொன்ன வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. கைகளும் கன்னங்களும் உருண்டு திரண்டு இருப்பது சென்னைப் பள்ளி. பின்னணி நாடகப் படுதா. ஆனால் முகங்களின் அந்த அமைதி? அது மட்டும் இரண்டு இடத்திலும் கிடைத்திருக்காது. நம்ம மலையடியில் உட்கார்ந்த காலம் அங்கே தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. ரவிவர்மாவின் லட்சுமியைப் பார்த்தால் அரண்மனைப் பெண் ஞாபகம் வருகிறது, ராஜுவின் அம்மனைப் பார்த்தால் அலங்காரம் முடிந்து திரை விலகிய சந்நிதி ஞாபகம் வருகிறது.

காவியைத் தொடரவில்லையே தவிர, அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களோடுதான் வாழ்ந்தார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் எல்லாம் அவரிடம் தயாரானவர்கள். சுப்பையாவின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்தே பல படங்களில் போட்டிருக்கிறார். சீடன் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போடும் குருமார் எத்தனை பேர்? 1976இல் காலமானார்.

லிப்பி எழுதிய மரப்பலகைகளை இன்று மியூசியங்களில் கண்ணாடிக்குள் வைத்துக் காவல் போட்டிருக்கிறார்கள். நம்மவர் படத்துக்கு டிசம்பர் 31 வரைதான் ஆயுள். பிரேம் போட்டுப் பூஜை அறைக்குப் போனது மட்டும் தப்பியது. அதுவும் கண்ணாடி உடைந்தால் அரச மரத்தடி. கிரிவலப் பாதையில் அப்படி மழையில் ஊறிக் கிடக்கும் படங்களை நடக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அதனால் ஒரு வேலை தருகிறேன், பழைய வாத்தியார் உரிமையில். போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய சாமி படம் கிடைத்தால் சட்டென்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். துணியால் துடைத்து, கீழ் மூலையில் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். ராஜு பெயரோ சுப்பையா பெயரோ இருந்தால், எந்தக் கடை கொடுத்த காலண்டர், எந்த வருஷம், வீட்டில் யார் பிரேம் போட்டது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி, போட்டோவோடு இங்கே கமெண்டில் போடுங்கள். செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை.